கொடுத்த பணத்துக்கு வேலை நடந்ததா? நுகர்வோர் தரப்பு பற்றி ஓர் அறிமுகம்

வாங்கிய செருப்பு ஒரே மாதத்தில் பிய்ந்துபோனால் அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடுவோம். வாங்குபவர் கையில் இருக்கும் மிகப் பழைய ஆயுதம் அதுதான். மின்சாரம், குடிநீர், குழாய்வழி எரிவாயு ஆகியவற்றில் மட்டும் அந்த ஆயுதம் எடுபடாது. வீட்டுக்குள் வருவது ஒரே கம்பி, ஒரே குழாய். மறுமுனையில் இருப்பவர் மீது எவ்வளவு கோபம் வந்தாலும், இணைப்பைத் துண்டித்துக்கொண்டு இருட்டில் உட்கார யாராலும் முடியாது.

ஒரே கம்பியாக இருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. ஒரு தெருவில் நான்கு நிறுவனங்கள் நான்கு வரிசைக் கம்பங்களை நட்டு, நான்கு முறை பள்ளம் தோண்டினால் அந்தச் செலவு முழுவதும் கடைசியில் அந்தத் தெருக்காரர்கள் தலையில்தான் விழும். போட்டி வந்தால் விலை குறையும் என்ற பொதுவிதி இங்கே தலைகீழாகிவிடுகிறது. பொருளியலில் இதை இயற்கை ஏகபோகம் என்பார்கள். அதனால் பெரும்பாலான நாடுகள் ஒரு பேரத்துக்கு வந்தன. இந்தப் பகுதி முழுவதும் உனக்கே, வேறு யாரும் கம்பி இழுக்க மாட்டார்கள். பதிலுக்கு, கேட்பவர்கள் எல்லோருக்கும் நீ இணைப்பு தர வேண்டும், விலையை உன் விருப்பத்துக்கு வைக்கக் கூடாது, ஒரு பொது அமைப்பு சொல்லும் விலைக்குத்தான் விற்க வேண்டும்.

இந்தப் பேரத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. சிகாகோவின் தானியக் கிடங்குகள் வைத்ததே விலை என்று இருந்த காலத்தில், இல்லினாய் மாநிலம் அவற்றின் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதித்தது. 1877-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. தனியார் சொத்தாக இருந்தாலும், ஊரே அதை நம்பி வாழும் நிலை வந்துவிட்டால் ஊருக்கும் அதில் சொல்லுரிமை உண்டு என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். மின்சாரம் பரவியபோது, 1898-ல், சிகாகோவின் மின் நிறுவனத் தலைவரான சாமுவேல் இன்சல் தன் தொழில்துறையினரின் கூட்டத்திலேயே எழுந்து, எங்களை அரசு ஒழுங்குபடுத்தட்டும் என்று பேசினார். போட்டியாளர் இல்லாத களமும் நிலையான வருமானமும் கிடைக்கும் என்றால் அந்தக் கடிவாளம் லாபம்தான் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். 1907-ல் விஸ்கான்சினும் நியூயார்க்கும் இத்தகைய நிறுவனங்களின் கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் ஆணையங்களை அமைத்தன. பிறகு மற்ற மாநிலங்களும் அதே வழியில் போயின. இன்று உலகின் பல நாடுகளில் உள்ள ஒழுங்குமுறை ஆணையங்கள் ஏதோ ஒரு வடிவில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஆணையம்தான் இருக்கிறதே, பிறகு நுகர்வோருக்குத் தனியாக ஒரு தரப்பு எதற்கு? புதிதாக இதைப் படிக்கும் எல்லோருக்கும் வரும் கேள்வி இது.

ஆணையம் நீதிபதியைப் போன்றது. தன் முன் வைக்கப்பட்ட ஆவணங்களையும் வாதங்களையும் வைத்துத்தான் அது தீர்ப்புச் சொல்ல முடியும். கட்டணத்தை உயர்த்தக் கோரும் நிறுவனம் பொறியாளர், கணக்காளர், வழக்கறிஞர் என்று ஒரு படையோடு, ஆயிரக்கணக்கான பக்கங்களோடு வருகிறது. பல இடங்களில் அந்தப் படையின் செலவும் கட்டணத்தில்தான் சேரும். நம் பணத்தில், நம்மிடம் இன்னும் கொஞ்சம் பணம் கேட்டு ஒரு வழக்கு! எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள் லட்சக்கணக்கானோர். ஒவ்வொருவருக்கும் இழப்பு மாதம் சில நாணயங்கள்தான். அதற்காக ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, தேய்மானக் கணக்கைப் படித்து, விசாரணைக்கு வர யாருக்கு நேரம் இருக்கிறது? ஒரு பக்கம் மட்டும் பேசிக்கொண்டே இருந்தால் நேர்மையான நீதிபதியின் தராசும் மெல்லச் சாய்ந்துவிடும். அந்தக் காலி நாற்காலியில் உட்கார்பவர்தான் நுகர்வோர் தரப்பு.

உட்காரும் விதம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் நுகர்வோருக்காக வாதாடவென்றே சம்பளம் பெறும் அரசு அலுவலகங்கள் உண்டு. 1979-ல் அவை ஒரு தேசியச் சங்கமாகவும் சேர்ந்தன. இல்லினாயில் 1983-ல் சட்டமே இயற்றி, கட்டணம் கட்டுவோரின் சங்கம் ஒன்றை உருவாக்கினார்கள். கலிஃபோர்னியாவில் 1973-ல் சில்வியா சீகல் தொடங்கிய டர்ன் என்ற அமைப்பு இன்றும் வழக்காடுகிறது. ஆணையத்தின் முடிவுக்கு உண்மையிலேயே உதவிய வாதங்களுக்கு, செலவைத் திரும்பத் தரும் ஏற்பாடும் அந்த மாநிலத்தில் உண்டு. பிரிட்டனில் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்புக்கு எரிசக்தி நுகர்வோருக்காகப் பேசும் சட்டப்படியான பொறுப்பு இருக்கிறது. இந்தியாவின் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 94(3) பிரிவு, நுகர்வோர் நலனை எடுத்துரைக்க எவரையும் ஆணையம் நியமிக்கலாம் என்கிறது. எந்த வடிவமாக இருந்தாலும் பரவாயில்லை. கோப்பைப் படிக்கத் தெரிந்த ஒருவர், நிறுவனத்திடம் சம்பளம் வாங்காத ஒருவர், அந்த அறைக்குள் இருக்க வேண்டும்.

பில் எப்படி உருவாகிறது

இனி கொஞ்சம் கணக்கு. இதைத் தாண்டிவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

ஒரு நிறுவனம் கம்பி, கம்பம், குழாய், மின்மாற்றி என்று போட்டிருக்கும் மூலதனத்தின் இன்றைய மதிப்பு 1,000 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணம் என்பது இங்கே முக்கியமில்லை. அதற்கு ஆண்டுக்கு 10 சதவீதம் ஆதாயம் ஈட்டலாம் என்று ஆணையம் அனுமதிக்கிறது. அது 100. பழுதுபார்ப்பு, ஊழியர் சம்பளம், மரக்கிளை வெட்டுவது, குழாயைச் சோதிப்பது எல்லாம் சேர்ந்து 200. தேய்மானம் 50. ஆக, மக்களிடம் வசூலிக்க வேண்டியது 350. இதை நுகர்வோர் எண்ணிக்கைக்கும் பயன்பாட்டுக்கும் ஏற்பப் பிரித்தால் பில் வந்துவிடும். வரி முதலானவற்றை விட்டுவிட்டேன். எலும்புக்கூடு இவ்வளவுதான்.

அந்த 350-ஐ ஆணையம் அனுமதித்துவிட்டது. அடுத்த சில ஆண்டுகளுக்குக் கட்டணமும் அதன்படி நிலைத்துவிட்டது. இப்போது நிறுவனம் பராமரிப்புக்கென்று பெற்ற 200-இல் 160-ஐ மட்டும் செலவிட்டால் என்ன ஆகும்? மீதி 40 லாபத்தில் சேரும். லாபம் 100-லிருந்து 140 ஆகும். பராமரிப்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளிப்போட்டதற்கு, லாபம் 40 சதவீதம் கூடுகிறது. குழாய் அன்றைக்கே வெடித்துவிடாது. அடுத்த ஆண்டும் வெடிக்காமல் போகலாம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் துரு ஏறிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

இதன் மறுபக்கமும் உண்டு. அதே நிறுவனம் 300 செலவழித்துப் புதிய குழாய் போட்டால், அது மூலதனக் கணக்கில் ஏறும். தேய்மானம் அதைக் குறைத்துக்கொண்டே வந்தாலும், பல பத்தாண்டுகளுக்கு அதன் மேல் ஆதாயம் வந்துகொண்டே இருக்கும். பழைய குழாயைச் சோதித்துப் பழுதுபார்க்கும் செலவுக்கு அப்படி எதுவும் வராது. போட்ட காசு திரும்பி வரும், அவ்வளவே. அதனால் சிறிய பழுது போதுமான இடத்திலும் பெரிய கட்டுமானத்தை விரும்பும் சாய்வு இந்த முறைக்குள்ளேயே இருக்கிறது. 1962-ல் இதைக் கணித முறையில் காட்டிய இருவரின் பெயரால் அவர்ச்–ஜான்சன் விளைவு என்று இது அழைக்கப்படுகிறது.

செய்ய வேண்டிய சிறு வேலையைத் தள்ளிப்போடும் ஆசை ஒன்று, தேவைக்கு மேல் பெரிய வேலையைச் செய்யும் ஆசை மற்றொன்று. எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. நுகர்வோர் தரப்பின் வேலை பில்லைக் குறைப்பது மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள். பாதுகாப்புக்கென்று கேட்ட பணம் பாதுகாப்புக்குத்தான் போனதா, அந்தப் பணத்துக்கு இதைவிட அதிகப் பாதுகாப்பு கிடைத்திருக்குமா என்று பார்ப்பதே அவர்கள் வேலையின் இதயம்.

சான் புருனோ

2010 செப்டம்பர் 9, மாலை ஆறு மணி கடந்த நேரம். சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கு அருகே உள்ள சான் புருனோ என்ற ஊரில், வீடுகளுக்கு நடுவே பூமிக்கடியில் சென்ற 30 அங்குல எரிவாயுக் குழாய் வெடித்தது. 28 அடி நீளமுள்ள குழாய்த் துண்டு சுமார் 100 அடி தூரம் தூக்கி எறியப்பட்டது. 8 பேர் இறந்தார்கள். 38 வீடுகள் அழிந்தன. விமானம் விழுந்துவிட்டது என்றுதான் பலரும் முதலில் நினைத்தார்கள். குழாய்க்குச் சொந்தக்காரரான பசிபிக் கேஸ் அண்டு எலெக்ட்ரிக் நிறுவனத்துக்கு எரிவாயுவை நிறுத்த 95 நிமிடம் பிடித்தது. அந்த இடத்து வால்வுகளைக் கையால்தான் மூட வேண்டும். யாராவது வண்டியில் போய் மூடும்வரை தீ எரிந்துகொண்டே இருந்தது.

அமெரிக்காவில் குழாய் விபத்துகளையும் விசாரிப்பது தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். 2011-ல் அதன் அறிக்கை வந்தது. வெடித்த குழாய் 1956-ல் பதிக்கப்பட்டது. நிறுவனத்தின் ஆவணங்கள் அதைத் தையல் இல்லாத, அதாவது நீளவாக்கில் பற்றவைத்த இணைப்பே இல்லாத, குழாய் என்றன. தோண்டி எடுத்துப் பார்த்தால் குட்டைத் துண்டுகளைச் சேர்த்துப் பற்றவைத்திருந்தார்கள், அந்தப் பற்றவைப்பும் அரைகுறை. அழுத்தச் சோதனை செய்திருந்தால் இது தெரிந்திருக்கும். ஆனால் 1961-ல் மாநிலமும் 1970-ல் மத்திய அரசும் சோதனையைக் கட்டாயமாக்கியபோது, ஏற்கெனவே புதைத்திருந்த குழாய்களுக்கு விலக்கு அளித்துவிட்டன. எது பழையதோ, எதைப் பற்றி நமக்குக் குறைவாகத் தெரியுமோ, அதைச் சோதிக்க வேண்டாம் என்பது அந்த விலக்கின் பொருள்.

பிறகு கணக்கைக் கிளறினார்கள். ஆணையம் ஏற்பாடு செய்த தனித் தணிக்கை, எரிவாயுக் குழாய்ப் பாதுகாப்புக்கும் பராமரிப்புக்கும் என்று மக்களிடம் வசூலித்ததில் 10 கோடி டாலருக்கு மேல் பல ஆண்டுகளாக வேறு வழிகளில் போயிருப்பதை 2012-ல் வெளிக்கொண்டுவந்தது. மேலே நான் போட்ட 40-க்கான கணக்கு கற்பனையல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இறந்த எட்டுப் பேரில் ஒருவர், கலிஃபோர்னியா ஆணையத்துக்குள் இயங்கிய நுகர்வோர் தரப்புப் பிரிவில் வேலை பார்த்த பெண். அதே நிறுவனத்தின் எரிவாயுச் செலவுத் திட்டங்களை, பழைய குழாய்களை மாற்றும் முன்மொழிவுகள் உட்பட, ஆராய்வது அவருடைய பணிகளில் ஒன்று. அவருடைய 13 வயது மகளும் அவரோடு இறந்தாள். இதை முதன்முதலில் படித்தபோது நான் வெகுநேரம் அந்தப் பக்கத்தைத் தாண்டவில்லை. நுகர்வோர் தரப்பு என்பது ஏதோ தொலைவில் இருக்கும் அலுவலகச் சொல் அல்ல. அந்தக் கோப்புகளைப் படிப்பவரும் அந்தக் குழாய்க்கு மேல்தான் குடியிருக்கிறார்.

2015-ல் ஆணையம் 160 கோடி டாலர் தண்டம் விதித்தது. அதன் பிரிவினை கவனிக்கத்தக்கது. 85 கோடி, பங்குதாரர்கள் செலவில் குழாய்களைச் சீர்படுத்த. 40 கோடி, வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர. 30 கோடி மாநிலக் கருவூலத்துக்கு. மீதி 5 கோடி பிற பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கு. தண்டம் எவ்வளவு என்பதில்தான் செய்திகள் நிற்கும். யார் பையிலிருந்து போகிறது, எங்கே போய்ச் சேர்கிறது என்பதில்தான் நுகர்வோர் தரப்பின் கண் இருக்கும். விட்டுவைத்த வேலையை இப்போது செய்வதற்கான செலவு மறுபடியும் கட்டணத்தில் ஏறினால், ஒரே வேலைக்கு மக்கள் இரண்டு முறை பணம் கட்டியதாகிவிடும். மறு ஆண்டு, 2016-ல், குழாய்ப் பாதுகாப்புச் சட்டத்தை மீறியதற்காகவும் விசாரணைக்குத் தடையாக இருந்ததற்காகவும் கூட்டாட்சி நீதிமன்றத்தின் நடுவர் குழு நிறுவனத்தைக் குற்றவாளி என்றது.

நடுவே இன்னொன்றும் நடந்தது. சான் புருனோ நகர நிர்வாகம் தகவல் கேட்டு வழக்குத் தொடுத்துப் பெற்ற மின்னஞ்சல்களில், ஆணையத்தின் உயர்பொறுப்பில் இருந்தவர்களும் நிறுவன அதிகாரிகளும் மிக நெருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தது வெளிப்பட்டது. 2014-ல் நிறுவனம் தன் உயர் அதிகாரிகள் மூவரை நீக்கியது. காவலுக்கு நிற்பவரும் காவல் காக்கப்பட வேண்டியவரும் ஆண்டுக்கணக்கில் ஒரே அறையில் புழங்கினால் இப்படி ஆவது இயல்பு. அந்த அறையில் மூன்றாவதாக ஓர் ஆள் இருந்தால் அந்த நெருக்கம் அவ்வளவு எளிதில் வளராது.

இதிலிருந்து பிறந்த எளிய ஏற்பாடு ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது எங்கேயும் கேட்கத்தக்கது. பாதுகாப்புக்கென்று அனுமதிக்கும் தொகையை ஒருவழிக் கணக்கில் வைப்பது. செலவழித்தால் சரி. செலவழிக்காவிட்டால் அது லாபமாகாது, வாடிக்கையாளருக்குத் திரும்பும். சோதனையைத் தள்ளிப்போட்டால் கிடைக்கும் அந்த 40, இப்போது நிறுவனத்துக்குக் கிடைக்காது. தள்ளிப்போடும் ஆசை பெருமளவு அங்கேயே அடங்கிவிடும்.

வேண்டாம் என்று சொல்வதும் பாதுகாப்பா?

நுகர்வோர் தரப்பின் மீது அடிக்கடி வரும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு. இவர்கள் பாதுகாப்புச் செலவையே எதிர்க்கிறார்கள், பில் குறைந்தால் போதும் என்று நினைக்கிறார்கள் என்பது. இதை ஒதுக்கிவிட முடியாது. நேர்மையாகப் பார்க்க வேண்டிய கேள்வி.

2018 நவம்பர் 8 அன்று, அதே நிறுவனத்தின் உயரழுத்த மின்தடத்தில், ஏறக்குறைய நூறாண்டுப் பழைமையான ஓர் இரும்புக் கொக்கி தேய்ந்து அறுந்தது. கம்பி கோபுரத்தில் உரசித் தீப்பொறி பறந்தது. காய்ந்த காட்டில் பற்றிய தீ பாரடைஸ் என்ற ஊரை அழித்தது. 85 பேர் மாண்டார்கள். 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. 2020-ல் நிறுவனம் 84 மரணங்களுக்கான குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. ஒரு கொக்கியின் விலையை நினைத்துப் பாருங்கள். கோபுரத்தில் ஏறி அதைத் தொட்டுப் பார்த்து மாற்றும் ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலியையும் சேர்த்தே நினைத்துப் பாருங்கள்.

2021-ல் அந்நிறுவனம் 10,000 மைல் மின்கம்பியைப் பூமிக்கடியில் புதைக்கப்போவதாக அறிவித்தது. புதைத்த கம்பி தீ மூட்டாது என்பது வலுவான வாதம். மரக்கிளை விழாது, காற்று ஆட்டாது. டர்ன் அமைப்பு அதை எதிர்த்தது. ஒரு மைல் புதைக்க ஏறக்குறைய 30 லட்சம் டாலர் ஆகும். கம்பிக்கு உறையிட்டு அதே கம்பங்களில் மாட்டுவதற்கு அதில் ஒரு சிறு பகுதிதான் ஆகும், வேகமாகவும் முடியும். மலைப்பாங்கான இடத்தில் பள்ளம் தோண்டி முடிக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை முறை வராத தெருக்களில் பழைய வெறும் கம்பிதான் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு மைலை முழுமையாகக் காப்பதா, அதே காசில் பல மைல்களை ஓரளவு நன்றாகக் காப்பதா? 2023 நவம்பரில் ஆணையம் நடுவழியாக, 2026 வரையான காலத்துக்கு 1,230 மைல் புதைக்கவும் 778 மைல் உறைக்கம்பி போடவும் அனுமதித்தது.

யார் சொன்னது சரி என்று இங்கே நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. செங்குத்தான, ஒரே வழி மட்டுமே உள்ள குடியிருப்புகளில் புதைப்பதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. மற்ற இடங்களில் உறைக்கம்பியின் பக்கம் நியாயம் அதிகம். ஆனால் கேள்வியின் வடிவத்தைப் பாருங்கள். பாதுகாப்பு வேண்டுமா, வேண்டாமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஒரே தொகைக்கு எவ்வளவு ஆபத்தைக் குறைக்கலாம், எவ்வளவு சீக்கிரம் குறைக்கலாம் என்றுதான் கேட்டார்கள். அதிக ஆதாயம் தரும் தீர்வையே நிறுவனம் முன்வைக்கும்போது, அடுத்த இரண்டு மாற்று வழிகளையும் மேசைக்குக் கொண்டுவர ஒருவர் வேண்டும். பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோரும் தலையாட்டிவிட்டால், அந்தச் சொல் ஒரு வெற்றுக் காசோலையாகிவிடும்.

லாபம் இல்லாத இடத்தில்

பங்குதாரர்கள் இருப்பதுதான் சிக்கலுக்கெல்லாம் காரணம், அரசே நடத்தினால் நுகர்வோர் தரப்பு தேவையில்லை என்று சிலர் சொல்வதுண்டு. மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரம் அதற்குப் பதில் சொல்லும்.

அங்கே குடிநீர் நகராட்சியின் பொறுப்பு. செலவைக் குறைக்க, 2014 ஏப்ரலில் குடிநீரை ஃபிளின்ட் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். அப்போது நகர நிர்வாகம் மாநில அரசு நியமித்த நெருக்கடி மேலாளர்களின் கையில் இருந்தது. குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைத் தண்ணீரில் சேர்க்கவில்லை. பழைய இணைப்புக் குழாய்களின் ஈயம் தண்ணீரில் கரைந்தது. நிறம், நாற்றம், உடம்பில் தடிப்பு என்று மக்கள் புகார் சொன்னார்கள். தண்ணீர் பாதுகாப்பானது என்றே பதில் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை, இந்தத் தண்ணீர் எஞ்சின் பாகங்களை அரிக்கிறது என்று சொல்லி வேறு தண்ணீருக்கு மாறிவிட்டது. இரும்புக்கு ஆகாத தண்ணீரைக் குழந்தைகள் அதற்குப் பிறகும் ஓராண்டு குடித்தார்கள்.

கடைசியில் குடியிருப்பாளர்களே வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து வீடு வீடாகத் தண்ணீர் மாதிரி எடுத்தார்கள். உள்ளூர் மருத்துவர் ஒருவர் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பதைக் காட்டினார். 2015 அக்டோபரில் பழைய நீராதாரத்துக்குத் திரும்பினார்கள். அந்த ஊரில் முதல் அளவுகருவி மக்களின் மூக்கும் நாக்கும்தான். அந்தக் கருவி காட்டியதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. பங்குதாரர் இல்லாத இடத்திலும் காசை மிச்சம் பிடிக்கும் அழுத்தம் இருக்கும். கட்டணத்தை உயர்த்தினால் ஓட்டுப் போகும் என்ற பயத்தில் பராமரிப்பைப் பட்டினி போடுவதும் நடக்கும். அப்படிப்பட்ட இடங்களில் நல்ல நுகர்வோர் தரப்பு சில சமயம், இந்த வேலைக்குக் கூடுதல் பணம் தேவை, கொடுக்கலாம் என்று வாதாட வேண்டியிருக்கும். கைதட்டல் கிடைக்காத வாதம் அது. ஆனாலும் செய்ய வேண்டிய வாதம்.

இன்னொரு சிக்கல் அலுவலகங்களின் அமைப்பிலேயே இருக்கிறது. பிரிட்டனில் எரிவாயுக் கட்டணத்தைப் பார்ப்பது ஆஃப்ஜெம், எரிவாயுப் பாதுகாப்பைப் பார்ப்பது வேறொரு துறை. தண்ணீருக்கும் அப்படித்தான், விலைக்கு ஓர் அமைப்பு, தரத்துக்கு இன்னோர் ஆய்வுத் துறை. இந்திய மின்சாரச் சட்டத்தில் கட்டணம் ஆணையத்திடமும் விபத்து விசாரணை மின் ஆய்வாளரிடமும் போகும். நிபுணத்துவம் கருதிப் பிரித்தார்கள், அதில் தவறில்லை. ஆனால் கட்டணம் ஒரு கட்டடத்திலும் உயிர் இன்னொரு கட்டடத்திலும் என்று ஆகும்போது, இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவர் யார்? விபத்து அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டண விசாரணைக்குப் போகக்கூடியவர் நுகர்வோர் தரப்புதான்.

இணைப்பைத் துண்டிப்பதும் பாதுகாப்புப் பிரச்சினையே என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூச்சுக்கருவியை நம்பி வாழ்பவர் வீட்டில் மின்சாரத்தை நிறுத்துவது வசூல் நடவடிக்கை மட்டுமல்ல. முன்பணம் கட்டும் மீட்டரில் பணம் தீர்ந்தால் இணைப்பும் தானாக நின்றுவிடும். பிரிட்டனில் அத்தகைய மீட்டர்களை வீடு புகுந்து பொருத்திய விவகாரம் வெடித்தபோது, 2023 தொடக்கத்தில் அது நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு, முதியோரையும் நோயாளிகளையும் காக்கும் விதிகளோடுதான் அனுமதி திரும்பியது.

சாதாரண ஆள் என்ன செய்யலாம்

கட்டண மனு வந்தால் பெரும்பாலான ஆணையங்கள் அதை வெளியிட்டு, ஆட்சேபணைகளைக் கேட்கும். பிறகு பொது விசாரணை. அங்கே போய்க் கட்டணம் தாங்க முடியவில்லை என்று சொல்வது உண்மைதான், சொல்லவும் வேண்டும். ஆனால் ஆணையத்தின் பேனாவை அது எளிதில் அசைக்காது. தீர்ப்பில் இடம்பெறும் சாட்சி வேறு மாதிரி இருக்கும். எங்கள் தெருக் கம்பம் சாய்ந்திருக்கிறது என்று இந்தத் தேதியில், இந்த எண்ணில் புகார் கொடுத்தேன், இதோ புகைப்படம், இதோ பதில். கடந்த முறை கம்பம் மாற்ற இவ்வளவு தொகை அனுமதித்தீர்கள், எங்கள் பகுதியில் எத்தனை மாற்றினார்கள்? இப்படி ஒரு கேள்வி பதிவாகிவிட்டால் நிறுவனம் பதில் சொல்லியே ஆக வேண்டிய நிலை வரலாம். பதில் சொல்லாவிட்டால் அந்த மௌனமும் கோப்பில் இருக்கும். தனியாளாகச் செய்வதைவிட, தெருவில் பத்துப் பேரின் புகார் எண்களை ஒரே தாளில் சேர்த்துக் கொடுப்பது பலமடங்கு வலுவானது.

மனுவைப் படிக்கும்போது எல்லாப் பக்கங்களையும் படிக்க வேண்டியதில்லை. சென்ற முறை அனுமதித்த தொகை, உண்மையில் செலவான தொகை என்ற இரண்டு பத்திகளைத் தேடுங்கள். பராமரிப்பு, சோதனை, மரம் வெட்டுதல், பழைய குழாய் மாற்றம் என்ற வரிகளில் அந்த இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால், உங்கள் கேள்வி அங்கே இருக்கிறது. இடைவெளிக்கு நியாயமான காரணமும் இருக்கலாம். வேலை மலிவாக முடிந்திருக்கலாம். ஆகவே குற்றம் சாட்டாமல் கேளுங்கள், எத்தனை மைல் திட்டமிட்டீர்கள், எத்தனை மைல் முடித்தீர்கள் என்று.

சான் புருனோவின் 95 நிமிடத்துக்குத் திரும்புகிறேன். 2022-ல் அமெரிக்க மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. பெரிய எரிவாயுக் குழாய்களில் தொலைவிலிருந்து மூடக்கூடிய அல்லது தானாக மூடிக்கொள்ளும் வால்வுகள் வேண்டும், உடைப்பு என்று உறுதியானதும் அதிகபட்சம் 30 நிமிடத்துக்குள் அவை மூட வேண்டும். அந்த மாலையிலிருந்து விதி வரப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின. அதுவும் புதிதாகப் பதிக்கும் குழாய்களுக்கும் மாற்றிப் பதிக்கும் நீளமான பகுதிகளுக்கும்தான். 1956-ல் புதைத்து இன்னும் மாற்றாமல் கிடக்கும் குழாய்களை அந்த விதி தொடவில்லை. எத்தனை மைல் அப்படிக் கிடக்கிறது, எந்தெந்த வீடுகளுக்குக் கீழே என்று அடுத்த கட்டண விசாரணையில் யாராவது எழுந்து கேட்க வேண்டும்.